கேம்ஷாஃப்ட் சென்சார்: விரல் நீளப் பாகத்துக்கு இவ்வளவு பில்லா?

கேள்வி: என் காரில் செக் எஞ்சின் விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது. எஞ்சின் சூடேறிய பிறகு இரண்டு முறை ஓடும்போதே நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, 'பி0340 வருகிறது, கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரை மாற்ற வேண்டும்' என்கிறார்கள். விரல் நீளமே உள்ள பாகத்துக்கு அவர்கள் கேட்கும் தொகை மலைக்க வைக்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் ஸ்கேனர் காட்டிய அந்தக் கோளாறு எண்ணை (கோடு) மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பி0340 சொல்வது 'இந்தச் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு' என்பதைத்தான். சுற்று என்றால் சென்சார், ஒயர், கனெக்டர் எல்லாமும் சேர்ந்தது. என் பழைய காரில் இதே கோடுக்குச் சென்சாரை மாற்றினார்கள். மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. இன்னொரு மெக்கானிக் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனார். ஓர் இரும்புப் பட்டையில் உரசி உரசி உறை தேய்ந்து, உள்ளே இரண்டு செம்பு இழைகள்தான் மிச்சம் இருந்தன. புதுச் சென்சாருக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

அதனால் முதலில் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசிகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, பச்சை பூத்திருக்கிறதா? மூன்று ஒயர் உள்ள சென்சார் என்றால் மின்சாரமும் எர்த்தும் அங்கே வந்து சேர்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். இந்தப் பரிசோதனைக்குத் தனியாகக் கட்டணம் கேட்டால் தயங்காமல் கொடுங்கள். இந்த வேலையில் மிகவும் பயனுள்ள செலவு அதுதான்.

கிராங்க்‌ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 2 சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) 1 சுற்றுச் சுற்றும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்பதைக் கிராங்க் சென்சார் சொல்லிவிடும். அது அழுத்தத்துக்காக மேலே வந்ததா, புகையை வெளியேற்ற வந்ததா என்பதைச் சொல்வது கேம் சென்சார். அந்தத் தகவல் வராததால்தான் ஸ்டார்ட் ஆக நேரமாகிறது. பி0341 அல்லது பி0016 வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. இந்த இரண்டு தண்டுகளையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டு தளர்ந்திருந்தாலும் இவை வரும். அப்போது சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. அதை மாற்றி என்ன பயன்? காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் வந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

இனி பில். பரிசோதனை, பாகம், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தொகை எகிறுவது பெரும்பாலும் கூலியில். பல எஞ்சின்களில் சென்சார் சிலிண்டர் ஹெட்டின் மேலேயே தெரியும்: ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அரை மணி நேர வேலை. சிலவற்றில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) பின்னால் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றி மாட்ட மணிக்கணக்காகும், கேஸ்கட்டும் புதிதாக வாங்க வேண்டும். ஆகவே 'சென்சார் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்' என்று கேளுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தும் இரண்டு மணி நேரக் கூலி போட்டிருந்தால் தாராளமாக விளக்கம் கேட்கலாம். வி வடிவ எஞ்சினில் 4 சென்சார்கள்கூட இருக்கலாம். பழுதானதை மட்டும் மாற்றினால் போதும்.

பாகத்தில் மட்டும் மலிவைத் தேடாதீர்கள். மலிவுச் சென்சார் அனுப்பும் சிக்னல் ஒழுங்காக இல்லாவிட்டால் அதே கோடு திரும்பி வரும். கார் நிறுவனத்தின் பெட்டியில் வாங்க மனமில்லை என்றால், போஷ், டென்ஸோ போன்ற தயாரிப்பாளர்களின் பெட்டியில் கிடைக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் விலை குறைவாக இருக்கும். பாக எண் பொருந்துகிறதா என்பதை வாங்கும் முன்பே சரிபாருங்கள். மின் பாகங்களைத் திரும்ப எடுக்காத கடைகள் நிறைய.

தள்ளிப்போட வேண்டாம். ஓடும்போது எஞ்சின் நின்றால் பிரேக் மிதி சில அழுத்தங்களிலேயே இறுகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கலாம். சரியாகும்வரை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். வண்டியை எடுக்கும்போது பழைய சென்சாரைக் கேட்டு வாங்குங்கள்; கோளாறு எண்ணை அழித்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டி, உங்கள் எதிரிலேயே மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.