‘மக்கும் பை’ உண்மையிலேயே மக்குமா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

“மொட்டைமாடி உரத்தொட்டியில் போட்ட ‘மக்கும் பை’ மாதக்கணக்காகியும் அப்படியே கிடக்கிறது, ஏமாற்று வேலையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சோதனைக்கூடத்துச் சூடு உங்கள் தொட்டியில் கிடையாது.

இந்தியாவில் பின்பற்றப்படும் தரநிலை, மக்கும் பிளாஸ்டிக்குக்கான சர்வதேச விதிமுறையான ஐஎஸ்ஓ 17088. அதன் முக்கியமான சோதனையில், பிளாஸ்டிக்கை நுணுக்கி, முதிர்ந்த உரத்தோடு கலந்து, மூடிய கலனில் 58 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள். கார்பன் டை ஆக்சைடு நீக்கிய காற்றைச் செலுத்துவார்கள். நுண்ணுயிர்கள் பிளாஸ்டிக்கைத் தின்று வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுதான் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் உரமுள்ள கலனும், எளிதில் மக்கும் தாவர நார்ப்பொருளான செல்லுலோஸ் கலந்த கலனும் பக்கத்திலேயே ஓடும். வெறும் உரம் விடும் வாயுவைக் கழித்துவிட வேண்டும். செல்லுலோஸ் 45 நாளில் 70 சதவீதம் சிதையாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது. பையின் கார்பனில் 90 சதவீதம் 180 நாளுக்குள் வாயுவாக வேண்டும்.

துண்டு துண்டாவதற்குத் தனிச் சோதனை: 12 வாரம் கழித்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது. (பொடியானால் மட்டும் போதாது, நுண்பிளாஸ்டிக்கும் பொடிதானே!) மிஞ்சிய உரத்தில் விதை முளைக்கிறதா, கன உலோகம் இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

சென்னை மே மாத வெயிலில்கூட சின்னத் தொட்டி 58 டிகிரியில் வாரக்கணக்கில் நிற்காது. பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) வகைப் பைக்கு அந்தச் சூடு இல்லையென்றால் சிதைவு ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும். சென்னை கிண்டியில் உள்ள மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் இந்தச் சோதனைகளைச் செய்கிறார்கள். தயாரிப்பாளர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் பெற வேண்டும். பையில் அந்த விவரம் அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.