கோணிப்பையில் கட்டிய கெட்டிமேளம்

அன்புள்ள ஐயா,

ஆடுதுறையிலிருந்து எழுதுகிறேன். இருபது வருடமாகத் தமிழ்ப் பட வட்டுகள் சேர்க்கிறேன். விசிடி, டிவிடி, கொஞ்சம் புளூரே எல்லாமாக 640 இருக்கும். ஒரிஜினல்களைக் கண்ணாடி பீரோவில் அடுக்கியிருக்கிறேன். பாதிக்கு மேல் உறையே பிரிக்கவில்லை. தங்கை கல்யாண டிவிடி, அப்பா கோயிலில் வாசித்ததை வீடியோ எடுத்த வட்டுகள், நண்பர்கள் எழுதிக் கொடுத்தவை போன்ற உதிரிகளைக் கோணிப்பையில் கட்டிப் பரணில் போட்டாயிற்று. பெங்களூரில் இருக்கும் மகன், "எல்லாம்தான் போனிலேயே வருதே, பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடுங்கப்பா" என்கிறான். வைத்திருப்பதா, விற்பதா?

இன்னொன்று. ஒரே பாட்டு வட்டில் ஒரு சுருதியிலும் ஓடிடியில் சற்று இறங்கியும் கேட்கிறது. நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளை நான், காது பொய் சொல்லாது. மழைக்காலம் முடிந்தால் சில வட்டுகளில் வெள்ளைப் புள்ளி வேறு விழுகிறது. புது பிளேயர் எதை வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வைத்திருங்கள். அந்தக் கேள்வி முடிந்தது. ஓடிடியில் இருப்பது குத்தகைப் படம். நம் பக்கத்துக் குத்தகை மாதிரி வழிவழியாக வராது, ஒப்பந்தம் முடிந்தால் அன்று ராத்திரியே காலி. மகனிடம் இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். அவருக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன், பிறகு சொல்கிறேன்.

உங்கள் காது சரிதான். தப்பு வட்டில். சினிமா நொடிக்கு 24 பிரேம். நம் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, நொடிக்கு 25. அந்த ஒரு பிரேமுக்காக யாரும் மெனக்கெடவில்லை, படத்தையே 4 விழுக்காடு வேகமாக ஓட்டி வட்டில் ஏற்றிவிட்டார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். கூடவே சுருதியும் ஏறும், அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக. இரண்டு கட்டையில் பாடியது இரண்டரையை எட்டிப் பார்க்கும். சுருதிப்பெட்டியை வைத்துச் சரிபாருங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கு என்டிஎஸ்சி (NTSC) என்ற அமெரிக்க டிவி முறையில் போட்ட வட்டுகளில் பெரும்பாலும் இந்த ஏற்றம் இல்லை. அட்டையின் பின்பக்கம் எந்த முறை என்று அச்சடித்திருக்கும். ஓடிடிக்காரர்கள் யோக்கியம் என்று இதற்குப் பொருள் இல்லை. பழைய படத்தின் 4:3 சட்டத்தை அகலத் திரைக்கு நிரப்புகிறேன் என்று மேலும் கீழும் சேர்த்துக் கால்வாசியை வெட்டிய பதிப்புகள் இருக்கின்றன. ஆடுகிற பெண்ணுக்குப் பாதம் இருக்காது. பரதத்துக்குப் பேர்போன பந்தநல்லூருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பாதம் இல்லாத பரதத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

இனி கோணிப்பை. கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அந்த வரிக்காகத்தான். ஐப்பசி நெருங்குகிறது, டெல்டாவில் எத்தனை பரணில் எத்தனை கல்யாணம் நமுத்துக் கிடக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. என்ன காரியம் ஐயா செய்து வைத்திருக்கிறீர்கள்? ஆயிரக்கணக்கில் அச்சடித்துக் கடைகடையாக விற்ற படத்துக்குக் கண்ணாடி பீரோ. உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி இருக்கிற அப்பாவின் வாசிப்புக்குச் சணல் சாக்கு.

வட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளியாகவோ லேசான பொன் நிறமாகவோ மின்னினால் அது பெரும்பாலும் அச்சு வட்டு. குழிகளை அச்சில் அழுத்தி மேலே உலோகம் பூசியது, சாமானியமாகச் சாகாது. ஊதாவோ நீலமோ ஓடினால் எழுதிய வட்டு. அதில் அச்சுக் குழி கிடையாது, இருப்பது சாயம். சாயத்தை லேசரால் சுட்டுச் சுட்டுப் புள்ளி வைத்திருக்கிறார்கள். சாயம் என்றால் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் வெளுக்கும், கொடியில் காயும் புடவை மாதிரி. அதைக் கொண்டுபோய்ச் சித்திரையில் கொதித்து ஐப்பசியில் நமுக்கிற பரணில் போட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2003இல் வட்டுகளுக்குச் சொன்ன அளவு 4 முதல் 20 டிகிரி வெப்பம், 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம். ஆடுதுறையில் மார்கழி விடியற்காலையில்கூட இந்த இரண்டும் சேர்ந்து அமையாது.

வட்டு உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. விளிம்பில் இருப்பது கடைசியாக எழுதியது. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டியது, ஈரம் விளிம்பு வழியாகத்தான் அந்த ஒட்டுக்குள் நுழையும். அதனால்தான் கல்யாண டிவிடி மாப்பிள்ளை அழைப்பு, ஊஞ்சல் எல்லாம் ஒழுங்காக ஓடி, சரியாகக் கெட்டிமேளத்தில் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கிறது. ஸ்டூடியோவில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கேமராவில் போட்ட அந்த மினி டிவி (MiniDV) கேசட்டின் மேல் அடுத்த முகூர்த்தத்திலேயே வேறு கல்யாணம் ஏறியிருக்கும்.

இந்த வாரமே சாக்கை இறக்குங்கள். ஈரமாக இருக்கிறதே என்று வெயிலில் பரப்ப வேண்டாம், நிழலில் மின்விசிறிக் காற்று போதும். மேலே ஒட்டிய ஸ்டிக்கர் சுருண்டிருந்தாலும் உரிக்கக் கூடாது. சிடியிலும் விசிடியிலும் தகவல் இருப்பது ஸ்டிக்கர் பக்கத்தில், மெல்லிய லாக்கர் பூச்சுக்கு அடியில். ஸ்டிக்கரோடு கச்சேரியும் உரிந்து வரும்.

வெள்ளைப் புள்ளி பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு ஆர்ஓ தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டித் துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைக்க வேண்டும். பாத்திரம் துலக்குவதுபோல வட்டமாகத் தேய்த்தால் கீறல் தகவல் ஓடும் தடத்தோடு சேர்ந்து விழும். குறுக்கே விழுந்த கீறலை மிஷின் கணக்குப் போட்டுச் சமாளித்துவிடும், நெடுக விழுந்ததைச் சமாளிக்க முடியாது. பற்பசை, விபூதி, தின்னர் எதுவும் கிட்டே வரக்கூடாது. துடைத்தும் போகாமல், விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசிக்கண்ணாகத் தெரிகிற புள்ளி பூஞ்சையே அல்ல. அங்கே உலோகப் பூச்சு அரித்துவிட்டது, மீளாது.

அடுத்தது நகல். வட்டைக் கணினியில் போட்டுக் கோப்பை இழுத்து வைக்கிறீர்களே, அதுதான் தப்பு. ஓரிடத்தில் படிக்க முடியாவிட்டால் கணினி அந்தக் கோப்பு முழுவதையும் கைவிட்டுவிடும். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற இலவச மென்பொருளை எடுங்கள். செக்டர், அதாவது வட்டில் தகவலைப் பிரித்து வைத்திருக்கும் துண்டு, அதன் அளவு 2048 பைட் என்று கொடுங்கள். முதல் சுற்றில் நல்ல இடங்களை மட்டும் அள்ளிக்கொண்டு கெட்டதைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் விட்டுப்போன இடங்களை மூன்று தடவை முயலட்டும். எது வந்தது, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பு எழுதிக்கொண்டே வரும், அதைத் தொலைக்காதீர்கள். அது கையில் இருந்தால் வட்டைக் கழற்றி வேறொரு டிரைவில் போட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஒரு டிரைவ் திணறுகிற இடத்தை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும். பக்கத்து வீட்டில் தூசி படிந்து கிடக்கும் பழைய கணினியையும் கேட்டு வாங்குங்கள். நல்ல வட்டுக்குக் கால் மணி நேரம், கெட்டதற்கு ராத்திரி முழுக்க ஆகலாம். அவசரப்பட்டு நடுவில் பிடுங்க வேண்டாம்.

விசிடிக்கு இந்த 2048 கணக்கு ஆகாது. அதில் பிழை திருத்தத்துக்கு ஒதுக்கும் இடத்தையும் படத்துக்கே கொடுத்து செக்டருக்கு 2324 பைட் அடைத்திருக்கிறார்கள். சின்னக் கீறலுக்கே விசிடி கட்டம் கட்டுவது அதனால்தான். .bin, .cue என்ற இரட்டைக் கோப்பாக எடுக்கிற மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

நூறு டிவிடி நிறைய எழுதியிருந்தாலும் 470 ஜிபிதான். 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், பென் டிரைவ் வேண்டாம். ஒன்று உங்களிடம், மற்றது பெங்களூரில். மகனுக்கு நான் வைத்திருந்த வேலை இதுதான்: ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதைச் செருகி, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டையும் ஒரே பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறிய இரவில் வேதாரண்யம் பக்கம் கூரையே நிற்கவில்லை, பீரோவுக்குள் எத்தனை பிரதி இருந்தால் என்ன?

நகலைப் புது வட்டில் எழுதி வைக்கலாமே என்று தோன்றும். கடையில் மிச்சம் கிடக்கும் பழைய பிளாங்க் வட்டை மட்டும் தொடாதீர்கள். உங்களுக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் கடைய நாள்பட்ட ஆச்சாமரத்தைத் தேடுவார்கள். சாயம் மரம் அல்ல, எழுதாமல் கிடந்தாலும் கெடும். எழுதும் வட்டுத் தொழிலே சுருங்கிவிட்டது, சோனி எழுதும் புளூரே வட்டுத் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் நிறுத்தியாயிற்று.

கண்ணாடி பீரோவுக்கு அதிகம் சொல்ல மாட்டேன். உறையைப் பிரியுங்கள். அந்தக் கண்ணாடித்தாளில் சுற்றும்போதே காற்று வெளியேறப் பொடித்துளை விடுவது வழக்கம், ஈரம் தாராளமாக உள்ளே போகும். பிரித்து ஓட்டிப் பார்க்காத வட்டு நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னது? புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள், பீரோ சுவரை ஒட்டாமல் நாலு விரற்கடை தள்ளி நிற்கட்டும். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சிடி பெட்டிகளின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஈரம் இழுக்க அரிசி முடிச்சு வைக்கிறவர்களும் உண்டு. நம் ஊரில் அரிசிக்குக் குறைவில்லை, அதன் பின்னால் வரும் வண்டுக்கும் குறைவில்லை. முக்கியமானவற்றை இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் நீல நிற சிலிக்கா ஜெல் மணிகளோடு வைக்கலாம், ஆனால் மூடுகிற நாள் பங்குனி, சித்திரையாக இருக்கட்டும். கார்த்திகையில் மூடினால் கார்த்திகையையே உள்ளே வைத்து மூடியதாகும். நீலம் வெளிறி இளஞ்சிவப்பானால் சிறு தீயில் வறுத்து மறுபடி போடுங்கள். சமைக்கிற சட்டியில் வேண்டாம், அந்த நீலம் கோபால்ட் உப்பு.

பிளேயர் புதிதாக வாங்க அவசரமில்லை. இருப்பதில் தட்டு வெளியே வர முரண்டு பிடித்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். அதை மாற்றினால் போதும்.

சாக்கிலிருந்து முதலில் எடுக்க வேண்டியது அப்பாவின் வட்டு, தங்கை கல்யாணம் அடுத்தது. நகல் வந்ததும் சுருதிப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நம் ஊர் வீடியோ கேமராக்கள் நொடிக்கு 25 என்றே எடுத்தவை, வட்டில் ஏற்றும்போது வேகம் கூட்ட வேண்டியிருந்திருக்காது. அப்பா இரண்டு கட்டையில் வாசித்திருந்தால் இரண்டு கட்டையிலேயே கேட்கும்.