இண்டக்‌ஷன் அடுப்புக்காகப் பழைய எவர்சில்வரை எடைக்குப் போட வேண்டுமா?

கேள்வி: புதிதாக இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினோம். வீட்டிலுள்ள எவர்சில்வர் பாத்திரங்களை வைத்தால் ‘பீப்’ என்று ஒலித்து நின்றுவிடுகிறது. பாத்திரக் கடையில், பழையதை எடைக்கு எடுத்துக்கொண்டு புது செட் தருவதாகச் சொல்கிறார்கள். இல்லையென்றால் இடையில் வைக்க ஒரு தட்டு வாங்கினால் போதும் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். உங்கள் அடுப்பிலும் பழுதில்லை, பாத்திரமும் மட்டமானதல்ல. இந்த அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கம்பிச் சுருள் காந்தப்புலத்தை உண்டாக்கி, பாத்திரத்தின் அடியையே நேராகச் சூடாக்குகிறது. எனவே காந்தம் ஒட்டும் உலோகமே இதற்கு ஏற்றது. இரும்பும் வார்ப்பிரும்பும் ஏற்கும். அலுமினியம், பித்தளை, செம்பு, கல்சட்டி, மண்சட்டி ஏற்காது.

குழப்பமெல்லாம் எவர்சில்வரில்தான். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த 304 வகை, துருப்பிடிக்காத நல்ல எஃகு; ஆனால் அதில் காந்தம் ஒட்டாது. நிக்கல் சேர்க்காத, விலை குறைந்த 430 வகையில் ஒட்டும். உங்களுடையது 304 ஆக இருந்தால், நல்ல உலோகத்தைக் கிலோ கணக்கில் கொடுத்துவிட்டு, அதைவிட மெல்லிய பாத்திரங்களை அதிக விலைக்கு வாங்கி வருவீர்கள். செட்டில் பாதி இந்த அடுப்புக்குத் தேவையே படாது என்பதையும் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

காந்தச் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. 304 எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திக் குழிவாக்கும்போது, அதிகம் இழுபட்ட இடங்களில், அதாவது விளிம்பிலும் அடி மூலையிலும், சிறிது காந்தத்தன்மை வந்துவிடுகிறது. விற்பவர் காந்தத்தைப் பக்கவாட்டில் ஒட்ட வைத்து, “பாருங்கள், பிடிக்கிறது” என்பார். அந்த இடம் அடுப்பைத் தொடப்போவதே இல்லை. பாத்திரத்தைக் கவிழ்த்து அடியின் நடுவில் வையுங்கள்; மெல்லத் தொற்றிக்கொண்டு நழுவினால் போதாது, ‘டக்’கென்று பிடித்துக்கொள்ள வேண்டும்.

இடைத்தட்டைப் பொறுத்தவரை, தட்டு முதலில் சூடாகி, அந்தச் சூடு பிறகுதான் பாத்திரத்துக்கு ஏறுகிறது. பாத்திரத்துக்குள் போகாத வெப்பம் கண்ணாடிக்குத் திரும்புவதால், கீழே சூட்டை அளக்கும் உணரி (சென்சார்) அடுப்பை அடிக்கடி நிறுத்திவிடும்; மின்சாரமும் வீண். பழைய பாத்திரங்களையே பயன்படுத்துவதுதான் நோக்கம் என்றால், கடையில் திருப்பி எடுத்துக்கொள்ளும் காலத்துக்குள் இந்த அடுப்பைக் கொடுத்துவிட்டு காந்தப்புலத்துக்குப் பதில் வெப்பக் கதிரால் சூடாக்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு வாங்குவதே நேர்மையான வழி. அது எந்த உலோகத்தையும் ஏற்கும். அடி தட்டையாக இருந்தால் போதும்.

இதையே வைத்துக்கொள்வதென்றால், ‘இண்டக்‌ஷன் பேஸ்’ உள்ள குக்கர் ஒன்று, இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்த கனத்த அடியுள்ள பாத்திரம் ஒன்று, தட்டையான இரும்புத் தோசைக்கல் ஒன்று ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். அடி 12 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பல அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணர்வதில்லை. குழிவான வாணலி உதவாது. பழைய அலுமினியக் குக்கருக்கு அடியில் இரும்புத் தகடு பற்றவைத்துத் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; அழுத்தம் தாங்க வேண்டிய பாத்திரத்தில் அந்த விளையாட்டு ஆகாது.

பாத்திரத்தின் அடியில் பெயர், எடை, முத்திரை எல்லாம் பொறிக்க இடம் இருக்கிறது. இந்த அடுப்பில் வேலை செய்யாது என்ற ஒரு வரிக்கு மட்டும் இடம் கிடைப்பதில்லை. அடுப்பு நிறுவனத்தைக் கேட்டால் பாத்திரத்தைக் குறை சொல்கிறது, பாத்திரக்காரர் அடுப்பைக் குறை சொல்கிறார். இண்டக்‌ஷன் படம் போட்ட ஒட்டுச்சீட்டை ஒட்டுவதற்கு யாருக்கும் செலவில்லை என்பதால் அதையும் நம்ப வேண்டாம். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். பணம் கொடுக்கும் முன் நீங்களே ஒட்டிப் பாருங்கள்.