பேன் போன மாதிரிப் போய்த் திரும்பி வருகுதே!

கேள்வி: மூன்றாம் ஆண்டு படிக்கும் மகளுக்குப் பாமசியில் வாங்கிய பேன் மருந்தை வைத்தேன். அன்றைக்கே செத்த பேன் கொட்டியது. பத்து நாளில் திரும்பவும் சொறிகிறாள். மருந்து பழசா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: திகதி முடிந்ததா என்று போத்தலைப் பாருங்கள். ஆனால் சந்தேகம் அந்தப் பத்து நாளிலேதான். மருந்துக்குச் செத்தது ஓடித்திரிந்த பேன். ஈர் பெரும்பாலும் தப்பிவிடும். அது பொரிக்க 7 முதல் 10 நாள். குஞ்சு வளர்ந்து தானும் ஈர் வைக்க இன்னும் ஒரு கிழமைக்கு மேலாகும். அதற்குள் இரண்டாந்தரம் வைக்க வேண்டும். ஒன்பதாம் நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

வைத்த விதத்திலும் பிழை வரும். பேர்மெத்திரின் 1 சதவீத மருந்தென்றால் (சொறிக்குப் பூசும் 5 சதவீதக் கிறீம் வேறு), தலையைச் சாதாரண சம்போவால் கழுவி, கண்டிசனர் போடாமல், துவாயால் ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகே பூசுவது. எண்ணெய்த் தலையில் மருந்து பேனில் படாது. தண்ணீர் சொட்டினால் ஐதாகிவிடும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் கூடுதலாகப் பூசுங்கள், பேன் குடியிருப்பது அங்கேதான். கண்ணைத் துவாயால் பொத்தி, 10 நிமிடத்தில் கழுவுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இது கூடாது.

மருந்தை விட எனக்கு நம்பிக்கை சீப்பில். தலையை நனைத்து, கண்டிசனரைத் தாராளமாகப் பூசுங்கள். வழுக்கலில் பேனுக்கு ஓட ஏலாது. பெரிய சீப்பால் சிக்கெடுத்துவிட்டு, பேன் சீப்பைத் தோலில் முட்ட வைத்து நுனிவரை ஒரே இழுவை. ஒவ்வோர் இழுவைக்கும் வெள்ளைத் துணியில் துடையுங்கள். எள்ளளவில் நகருவது பெரிய பேன். இரட்டைப் பின்னல் போடும் நீட்டு முடிக்கு அரை மணித்தியாலமாவது வேண்டும். 1, 5, 9, 13ஆம் நாட்களில் இப்படி வாரினால், பொரிக்கிற குஞ்சு ஈர் வைக்கும் வயதுக்கு வராது.

இன்னொன்று: தோலிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு அப்பால் ஒட்டியிருக்கும் வெள்ளை பெரும்பாலும் பொரித்த வெறுங்கோது. அதைக் கண்டு மறுபடியும் மருந்து வைக்காதீர்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் மருந்து, அன்னமுன்னா விதை – எது நல்லது?
– வாசகி, மல்லாவி

பதில்: மூன்றும் வேண்டாம். மண்ணெண்ணெய்த் தலையோடு அடுப்படிக்குப் போனால் தீப்பற்றும், தோலும் வெந்துபோகும். வயல் மருந்து தலைத்தோலால் உடம்புக்குள் இறங்கும், பிள்ளை செத்தும் போகலாம். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவி, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அன்னமுன்னா விதைத் தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும்.

கேள்வி: பாய், தலையணை எல்லாவற்றையும் எரிக்க வேண்டுமா?
– அம்மம்மா ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: ஏன் அம்மா எரிப்பான்? தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாள் தாங்காது. கடைசி இரண்டு நாளில் பாவித்த தலையணை உறையையும் துவாயையும் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் காயப் போடுங்கள். சீப்புகளைக் கொதித்த தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிடுங்கள். தோய்க்க முடியாத தொப்பியைப் பொலித்தீன் பையில் கட்டி இரண்டு கிழமை வைத்தால் போதும். வீட்டுக்குள் பூச்சி ஸ்பிரே அடிக்காதீர்கள்.

பார்க்க வேண்டியது பாயை அல்ல, அதில் படுப்பவர்களை. பேத்தியோடு தலை முட்டப் படுக்கும் உங்கள் தலையையும் சேர்த்து எல்லாரையும் ஒரே நாளில் பாருங்கள். பேன் கண்ட தலைகளுக்கெல்லாம் அன்றைக்கே வைத்தியம் பண்ணுங்கள்.

கேள்வி: குளத்தில் நெடுநேரம் முழுகினால் பேன் சாகுமா?
– மாணவி, முத்தையன்கட்டு

பதில்: சாகாது. மயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இருக்கும். தண்ணீரால் தொற்றுவதும் அரிது. கரையேறி ஒரே துவாயால் நாலு பேர் தலை துவட்டுகிறீர்களே, அதை முதலில் விடுங்கள்.