‘இர்ரிவோக்கபிள்’ பவரை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி: அவிநாசி பக்கம் எனக்கு 2 ஏக்கர் மேட்டாங்காடு. சைட் போட்டு விற்றுத் தருவதாகச் சொன்ன புரோக்கருக்குப் பவர் (என் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) பதிந்து கொடுத்தேன். இப்போது வேண்டாம் என்றால், ‘இர்ரிவோக்கபிள் பவர், ஒன்றும் செய்ய முடியாது’ என்கிறார். உண்மையா?

பதில்: அந்தச் சொல் ஒன்றே உங்களைக் கட்டிப்போடாது. லத்தீனில் ‘வொகாரே’ என்றால் அழைப்பது. ‘ரெ’ சேர்ந்தால் திரும்ப அழைப்பது. முன்னால் நிற்கும் ‘இர்’ அதை மறுக்கிறது. ‘இன்’ என்பதுதான் ரகரத்துக்கு முன் ‘இர்’ ஆகிறது, ‘இர்ரெகுலர்’ போல. ஆக, கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்க முடியாது என்று பொருள்.

சொல்லுக்குப் பொருள் அதுதான். ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆவது பிரிவு வேறொன்றைப் பார்க்கிறது: பவர் வாங்கிய ஏஜெண்டுக்கு அந்தச் சொத்திலேயே பாத்தியம், அதாவது சொந்த உரிமை, உண்டா? அவரிடம் 10 லட்சம் கடன் வாங்கி, ‘காட்டை விற்றுக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பவர் கொடுத்திருந்தால் உண்டு. அப்போது அந்தச் சொல்லே இல்லாவிட்டாலும் ரத்து செய்ய முடியாது. நீங்கள் காலமானாலும் பவர் நிற்கும். சைட்டுக்கு இவ்வளவு கமிஷன் என்பது பாத்தியம் ஆகாது. அது கூலி. கமிஷனுக்கு வேலை செய்பவர் அந்தச் சொல்லைப் பத்து இடத்தில் எழுதி வாங்கினாலும் பயனில்லை.

அதனால் பத்திரத்தில் ‘பிரதிபலன் பெற்றுக்கொண்டு’, அதாவது பவருக்கு ஈடாகப் பணம் வாங்கிக்கொண்டு, என்ற வரியைத் தேடுங்கள். ஒரு ரூபாய் கொடுக்காமலே அந்த வரிக்குக் கையெழுத்து வாங்கிவிடும் புரோக்கர்கள் உண்டு. கோர்ட்டில் அதைத்தான் நீட்டுவார்கள். பத்திரம் எழுதுபவர்களும் பழைய மாதிரியை அப்படியே நகலெடுத்து எழுதுகிறார்கள். காட்டுக்குச் சொந்தக்காரருக்கு அதை வாசித்துக் காட்ட ஐந்து நிமிஷம் ஒதுக்க ஆளில்லை என்பது பெரிய அநியாயம்.

பணம் வாங்கவில்லை என்றால் முதலில் வில்லங்கச் சான்று போட்டு, எந்த சைட்டாவது விற்றிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கிரையம் ஆன சைட்டுகளை ரத்து தொடாது. பிறகு பவர் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரம் பதியுங்கள். பதிந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஏஜெண்டுக்குத் தெரியவரும்போதுதான் ரத்து அவரைக் கட்டுப்படுத்தும். வாங்க வருகிறவருக்கும் அப்படியே. அன்றே வக்கீல் நோட்டீஸை ஒப்புகையுடன் தபாலில் அனுப்பி, நாளிதழில் விளம்பரமும் கொடுங்கள். அசல் பவர் அவர் கையில் இருந்தால் நோட்டீஸிலேயே திருப்பிக் கேளுங்கள். அதைக் காட்டித்தான் அடுத்தவரிடம் அட்வான்ஸ் வாங்குவார்.