அப்பா கையெழுத்து இருக்கிறது, தேதி மட்டும் இல்லை

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் வீட்டு ஷெட்டில் 2008 மாடல் மாருதி கார் ஒன்று ஆறு வருடமாக ஓடாமல் நிற்கிறது. உரிமையாளர் நான்கு வருடம் முன்பு காலமாகிவிட்டார். அவருடைய மகன் 85,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். நான் 20,000 அட்வான்ஸ் ஜிபே செய்துவிட்டேன். ஆர்.சி. 2023-இல் முடிந்துவிட்டது, அதில் வங்கிக் கடன் பதிவும் இருக்கிறது. இன்சூரன்ஸ் இல்லை. "அப்பா கையெழுத்துப் போட்ட ஃபார்ம் 29, 30 இருக்கிறது, தேதி மட்டும் போட வேண்டும், மீதியைப் புரோக்கர் பார்த்துக்கொள்வார், பேட்டரி மாற்றி ஓட்டிக்கொண்டு இறங்கிவிடுங்கள்" என்கிறார். அவருடைய அம்மாவும், பெங்களூரில் தங்கையும் இருக்கிறார்கள். வாங்கலாமா? பிறகு இன்ஜின் போய்விட்டால் வழக்குப் போட முடியுமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அவர் சொல்லும் வழியில் வேண்டாம். இன்ஜின் ஓடுமா என்ற கவலையை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அதைவிடப் பெரிய வம்பு அந்தத் தேதி போடாத ஃபார்ம்தான்.

ஃபார்ம் 29 என்பது "என் வண்டியை விற்றுவிட்டேன்" என்று உரிமையாளர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் தாள். ஃபார்ம் 30 பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பம். கையெழுத்து உண்மையிலேயே அப்பாவுடையதாகவே இருக்கட்டும். அவர் உங்களுக்கு எதையும் விற்கவில்லையே! இன்றைய தேதியைப் போட்டால், இறந்தவர் விற்றதாக ஆகும். அவர் உயிரோடு இருந்த காலத்துத் தேதியைப் போட்டால், நடக்காத விற்பனைக்கு ஆவணம் உண்டாக்கியதாக ஆகும். ஒருவர் கையெழுத்திட்ட ஆவணத்தை அதிகாரமில்லாமல் ஏமாற்றும் எண்ணத்தோடு மாற்றினால் அது பொய் ஆவணம். கையெழுத்திட்டவர் அப்போது உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும் சரி என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 335-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 464-ஆம் பிரிவிலும் இதே வாசகம்தான். சன்ஹிதாவில் அதற்கு அடுத்த பிரிவு போர்ஜரி. வழக்கு என்று வந்தால் புரோக்கர் போனை அணைத்துவிடுவார். ஃபார்ம் 30-இல் வாங்குபவராகக் கையெழுத்துப் போட்டிருப்பது நீங்கள். "எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்பது அங்கே எடுபடாது.

நேர்வழி ஒன்று இருக்கிறது, அது அப்படியொன்றும் கஷ்டமானதும் இல்லை. உரிமையாளர் இறந்தால் வாரிசு பெயருக்கு மாற்ற ஃபார்ம் 31 என்று தனியாக உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவும் அதன் விதிகளும் சொல்வது: இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நான்கு வருடம் ஆகிவிட்டதால் உரிமை போய்விடவில்லை. தாமதத்துக்கான தொகையைக் கட்டிவிட்டு மாற்றிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை வேண்டும். முதலில் மகன் அல்லது அம்மா பெயரில் ஆர்.சி. வரட்டும். அப்புறம் அவர் உயிரோடு, உங்கள் கண் முன்னால், ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போடட்டும்.

அம்மாவும் தங்கையும் ஏன் வேண்டும்? வண்டியில் மகனுக்கு உள்ள பங்கு மூன்றில் ஒன்றுதான். இந்துக் குடும்பமாக இருந்து, இறந்தவரின் தாய் உயிரோடு இல்லை என்றால் மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்குச் சரிபாதி. இந்த வீட்டைப் பொறுத்தவரை இந்த இரண்டில் எந்தச் சட்டத்தை எடுத்தாலும் கணக்கு ஒன்றாகத்தான் வருகிறது. தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் அடிப்படை. கூட்டு உரிமையாளர் ஒருவரிடம் விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தில் வாங்கியவருக்கு 28-ஆம் பிரிவு கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. உங்களுக்கு அது உதவாது. அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

வங்கிக் கடன் பதிவு அடுத்தது. கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆர்.சி.யில் நீக்காமல் விட்டிருப்பார்கள். ஆனாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி கடன் தந்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. வங்கியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-இல் கையெழுத்தும் வாங்க வேண்டும். 2008-இல் கடன் தந்த வங்கி இன்றும் அதே பெயரில் இருக்கும் என்று சொல்ல முடியாது. லட்சுமி விலாஸ் வங்கி 2020-இல் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. அப்படி இணைந்திருந்தால் இப்போதைய வங்கிதான் கடிதம் தர வேண்டும். பழைய கோப்பைத் தேடி எடுக்க நாளாகும். எனவே இந்த வேலையை முதலிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

இனி, ஓட்டிக்கொண்டு இறங்குவது. தயவுசெய்து வேண்டாம். ஏற்காட்டுப் பனியிலும் ஈரத்திலும் ஆறு வருடம் நின்ற வண்டியின் பிரேக் சிலிண்டர் எப்படி இருக்கும் என்று உங்கள் மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. அந்த டயரோடு 20 கொண்டை ஊசி வளைவு! சட்டமும் கைகொடுக்காது. ஆர்.சி. முடிந்த வண்டி பதிவு இல்லாத வண்டிக்குச் சமம். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். இதெல்லாம்கூடச் சின்ன விஷயம். வளைவில் யார் மீதாவது மோதிவிட்டால் நஷ்டஈடு லட்சக்கணக்கில் வரும். கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி கிடையாது. நீங்களும் அந்தக் குடும்பமும்தான் கட்ட வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அடுத்தடுத்துக் கை மாறியிருந்தாலும் பொறுப்பு அவரைவிட்டுப் போகாது என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பா பெயரில் இருக்கும் வரை அவர் விட்டுப்போன சொத்துக்கும் ஆபத்துதான். இதை அந்தப் பையனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். எஸ்டேட் வைத்திருக்கும் வீடு, உடனே புரிந்துகொள்வார்கள். பெங்களூர்த் தங்கையும் கையெழுத்துப் போட வந்துவிடுவார்.

ஆனால் வண்டி கீழே வந்துதான் ஆக வேண்டும். ஆர்.சி. புதுப்பிக்க ஃபார்ம் 25 கொடுத்து வண்டியை நேரில் காட்டிச் சோதனையில் தேற வேண்டும். ரெக்கவரி வண்டியில் மேலே ஏற்றிக் கொண்டுவாருங்கள். கட்டி இழுத்துவர வேண்டாம். 15 வருடம் தாண்டினால் வண்டி கதை முடிந்தது என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது டெல்லிப் பக்கத்துச் சமாச்சாரம். இங்கே தேறினால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம்.

செலவையும் பாருங்கள். 2022 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய, 20 வருடம் ஆகாத காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000. விண்ணப்பிக்கத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500. மூன்று வருடத் தாமதம் என்றால் அதுவே 18,000. பசுமை வரி, புது இன்சூரன்ஸ், டயர், பிரேக் வேலை தனி. 85,000 என்ற விலை இதையெல்லாம் மறந்துவிட்டுச் சொன்ன விலை. தாமதக் கட்டணமாவது விற்பவர் கணக்கில் போக வேண்டும் என்பேன். அதோடு, பணம் கட்டும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் பழைய சலான் பாக்கி பாருங்கள். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். ஈரத்தில் துரு ஏறி நம்பர் படிக்க முடியாமல் போயிருந்தால் சோதனையிலேயே நின்றுவிடும்.

இன்ஜின் கேள்விக்கு வருகிறேன். போனால் போனதுதான். பழைய வண்டியைத் தனிநபரிடம் வாங்கும்போது தரத்துக்குச் சட்டம் உத்தரவாதம் தருவதில்லை. அவர் வண்டி வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது. ஓடாமல் நின்றது என்று தெரிந்தே வாங்குகிறீர்கள். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லியிருந்தால் மட்டும் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே விபத்தில் சிக்கியதா, தண்ணீர் புகுந்ததா, கடன் பாக்கி உண்டா என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலையும் அதிலேயே வாங்கி வையுங்கள்.

கொடுத்த 20,000? குடும்பம் ஒத்துவரவில்லை என்றால் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. விற்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்பது விற்பவர் தரப்பில் சட்டம் எதிர்பார்க்கும் முதல் நிபந்தனை. தர மறுத்தால் முதலில் வக்கீல் நோட்டீஸ், அடுத்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்குக் கட்டணம் இல்லை. சிவில் வழக்கு என்றால் மூன்று வருடம் வரை அவகாசம் உண்டு, இந்தத் தொகைக்கு அதுவரை போகாது.

இன்றைக்கே அவருக்கு இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: "தம்பி, வண்டி எனக்கு வேண்டும். நான் தந்த 20,000 அட்வான்ஸாக இருக்கட்டும். ஃபார்ம் 31-இல் உங்கள் பெயருக்கோ அம்மா பெயருக்கோ மாற்றி, பேங்க் என்.ஓ.சி. வாங்கி, ஆர்.சி. புதுப்பித்ததும் மீதிப் பணம் தருகிறேன். மூன்று மாதத்தில் முடியவில்லை என்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சம்மதமா?" அவர் சரி என்று பதில் போட்ட பிறகு மெக்கானிக்கை மேலே கூட்டிப் போங்கள்.