காபியும் சாவியும்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 74 வயது, காது மந்தம். ஆன்லைனில் 8,000 ரூபாய்க்கு மிஷின் வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டும் ‘என்ன, என்ன’ என்கிறார். கத்திச் சொன்னால் ‘ஏன் கத்துற?’ என்று கோபம். பேரன் பேசினால் மட்டும் கேட்கிறது. வேண்டுமென்றே செய்கிறாரோ? விலை கூடிய மிஷின் வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மிஷினை அப்புறம் பார்ப்போம். ‘வேண்டுமென்றே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்காகத்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். என் அப்பாவைப் பற்றி நானும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

2020இல் பயத்தில் வீட்டுக்குள்ளேயும் மாஸ்க் போட்டுத் திரிந்தோம். அப்பாவுக்குக் காது திடீரென்று மோசமான மாதிரி இருந்தது. மனைவி அடுப்பைப் பார்த்தபடி ‘காபி போடவா?’ என்று கேட்டால், கூடத்திலிருந்து ‘சாவியா? ஆணியில மாட்டியிருக்கு பாரு’ என்று பதில் வரும். சிரித்தோம், நானும்தான். பிறகு காதைப் பரிசோதித்தால் இரண்டு வருடத்துக்கு முந்தைய அதே அளவு. மனுஷர் அதுவரை எங்கள் உதட்டைப் பார்த்துச் சமாளித்திருக்கிறார், எங்களுக்குத்தான் தெரியவில்லை.

காபி, சாவி இரண்டிலும் உயிரோசை ஒன்றுதான். வயதானால் பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற மேல் சுருதி. ச, த, க மாதிரி மெய்களைப் பிரித்தறிய அதுதான் வேண்டும். நீங்கள் கத்தும்போது பெருகுவது ஆ-வும் ஈ-யும்தான், மெய் அப்படியே மங்கலாக நிற்கும். அம்மாவுக்குச் சத்தம் காதில் அறையும், சொல் விளங்காது. ‘ஏன் கத்துற?’ என்பது நியாயமான கேள்வி சார். கத்தாதீர்கள். அடுத்த அறையிலிருந்து கத்தாதீர்கள், முதுகுக்குப் பின்னால் நின்று கத்தாதீர்கள், போனைப் பார்த்துக்கொண்டே கத்தாதீர்கள்.

காது நன்றாக உள்ளவர்களும் கண்ணையும் சேர்த்துத்தான் கேட்கிறோம். 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள், பம்பரத்தின் நடுவில் வருகிற ‘ப’ ஒலியை, தங்கத்தில் வருகிற ‘க’-வைச் சொல்லும் வாயின் படத்தோடு ஒட்டிக் காட்டினார்கள். பார்த்த பெரியவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்டது இரண்டுமில்லை, பண்டத்தில் வருகிற ‘ட’ போல ஒன்று. (நம் எழுத்தில் இதை எழுத நான் படும் பாட்டைப் பாருங்கள்.) கண்ணை மூடினால் ‘ப’. சூட்சுமம் தெரிந்த பிறகும் யூடியூபில் பார்த்துப் பலமுறை தோற்றிருக்கிறேன்.

பேரன் விஷயமா? மடியில் ஏறி, முகத்துக்கு நேராகப் பேசுவான், வேறென்ன.

மிஷின் என்பது காதை அளந்து, எந்தச் சுருதி எவ்வளவு போயிருக்கிறதோ அதற்கேற்பத் திருத்தித் தர வேண்டியது. மூக்குக்கண்ணாடியை இப்படி வாங்குவீர்களா? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஆட்டோவில் போகும்போது கொஞ்சம் அவர் பக்கம் திரும்பி உட்காருங்கள்.